பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய விமானங்கள்

இரண்டாம் உலகப் போர் விமானங்கள், கைவிட்ட ஓடுதளங்கள், அவற்றிலிருந்து கழன்று விழுந்த சாமான்கள் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், தபால் பை நிரம்பிவிட்டது. இடம் இருக்கும் வரை பதில்.

ஒரு பொறுமைசாலி மனைவி, மடிப்பாக்கம்: நாற்பத்தைந்து வயதில் என் கணவர் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறார். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பசையும் பெயின்ட்டும். இது பொழுதுபோக்கா, வியாதியா?

வியாதிதான், ஆனால் வயது 80-க்கு மேல். 1936-ல் இங்கிலாந்தின் ஃப்ராக் கம்பெனி விற்க ஆரம்பித்த மாடல்களிலிருந்து 72-ல் ஒரு பங்கு என்ற அளவு நிலைத்துவிட்டது. நிஜ விமானத்தில் ஆறு அடி, மேஜையில் ஒரு அங்குலம். போர் வந்ததும் இதே அளவில் மாடல் செய்து ராணுவத்துக்கே பாடம் நடத்தினார்கள். தூரத்தில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று சுடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதில்லையா? ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் 1953-ல் கடைக்கு வந்தது. உங்கள் வீட்டுக்காரர் ஒட்டுவதும் ஸ்பிட்ஃபயர் என்றால் சந்தோஷப்படுங்கள், இறக்கை ஆறு அங்குலம்தான். அடுத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் வாங்கினால் 17 அங்குலம். அப்போது மேஜையைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

கே.எம்., ஈரோடு: கேரட் சாப்பிட்டுத்தான் பிரிட்டிஷ் விமானிகள் ராத்திரியில் குறி தவறாமல் சுட்டார்களாமே?

கேரட் நிஜம், காரணம் பொய். இரவில் பறந்த விமானங்களில் ரேடார் பொருத்தியிருந்தார்கள். அதை வெளியே சொல்ல முடியாது. ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி இருட்டில் வரிசையாக விமானங்களை வீழ்த்தவே, அவருக்குப் ‘பூனைக் கண்’ என்று பட்டம் கொடுத்து, எல்லாம் கேரட் மகிமை என்று பத்திரிகைகளில் போடவைத்தார்கள். நாட்டில் கேரட்டும் மிதமிஞ்சிக் கிடந்தது. அந்தப் பொய்யை நம் அம்மாக்கள் இன்னும் தட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பி.வி., திருச்சி: ஸ்பிட்ஃபயரா, ஹரிகேனா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிப் பேர் அடிக்க வருவார்கள். போஸ்டரில் ஸ்பிட்ஃபயர், வசூலில் ஹரிகேன். 1940-ல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிகேன்தான். எண்ணிக்கையிலும் அதுவே அதிகம். அதன் பின்பாதி உடம்புக்குத் துணிதான் தோல். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விட்டால், ஒட்டுப்போட்டு மறுபடி அனுப்பிவிடலாம். ஸ்பிட்ஃபயர் இருபதாயிரத்துக்கு மேல் தயாரானது. நீள்வட்ட இறக்கையின் அழகு வேறு. அதை வரைந்த ஆர்.ஜே. மிட்செல், 1936-ல் அது முதன்முதலாகப் பறந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வருடமே காலமானார். போரில் அது வாங்கிய பெயர் அவருக்குத் தெரியாது.

ஆர்.எஸ்., மயிலாப்பூர்: மெட்ராஸ் பெயரில் ஒரு விமானப் படைப்பிரிவே இருந்ததாமே?

ஒன்றல்ல, இரண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79-ஆவது, 234-ஆவது ஸ்குவாட்ரன்கள் இரண்டுக்குமே ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர். 1940 சண்டையில் முன்னது ஹரிகேனும் பின்னது ஸ்பிட்ஃபயரும் ஓட்டியது. நம் மாகாணம் போர் நிதிக்குப் பணம் அனுப்பியதற்கான நன்றிக்கடன் அந்தப் பெயர். 5,000 பவுண்ட் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் மீது உங்கள் பெயரை எழுதுவார்கள்; நிஜ விலை அதைவிட அதிகம். ஐதராபாத் பெயரில் இருந்த 152-ஆவது ஸ்குவாட்ரனின் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகையே உண்டு. கொடுத்தவர்கள் எல்லாம் மனமுவந்துதான் கொடுத்தார்களா என்பதை ரசீதில் எழுதும் வழக்கம் இல்லை.

டி.ஜே., சூலூர்: எங்கள் ஊர் விமானதளம் வெள்ளைக்காரன் போட்டதா?

ஆமாம். 1942-ல் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பான் வசம் போனதும் பிரிட்டிஷாருக்குத் தென்னிந்தியா திடீரென்று கொல்லைப்புறம் ஆகிவிட்டது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, அரக்கோணம் என்று ஓடுதளம் ஓடுதளமாகப் போட்டார்கள். கடற்படைக்காரர்கள் தங்கள் விமானதளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பார்கள். கோயம்புத்தூரில் விமானம் பழுதுபார்க்கும் இடம் ‘கருடா’, தாம்பரம் ‘வல்லூறு’, உங்கள் சூலூர் ‘வைரி’. இன்றைக்கும் அரக்கோணத்தில் ‘ராஜாளி’, உச்சிப்புளியில் ‘பருந்து’ என்று நம் கடற்படை அதே வழக்கத்தைத் தொடர்கிறது. ஆட்சி மாறியது, பறவைகள் மாறவில்லை.

வி.என்., ஆவடி: எங்கள் அப்பா சோழவரம் கார் ரேஸ் பற்றிப் பேசாத நாளில்லை. ஓடுதளத்தில் போய் ஏன் ரேஸ் நடத்தினார்கள்?

நீளமான, தட்டையான, நடுவில் மாடு வராத தார்ச்சாலை நாட்டில் வேறெங்கே இருந்தது? 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் ரேஸ் நடத்தத் தொடங்கியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறக்கும்வரை நம் ஊர் வேகத்துக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. இங்கிலாந்திலும் இதே கதை. இன்று ஃபார்முலா ஒன் நடக்கும் சில்வர்ஸ்டோன், போரின்போது வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பயிற்சி கொடுத்த தளம். அங்கே ஒரு நேர்ச்சாலைக்கு இன்றும் ‘ஹேங்கர் ஸ்ட்ரெய்ட்’ என்றுதான் பெயர். 1948-ல் அங்கே கிராண்ட் ப்ரீ ஓட்டியபோது போர் முடிந்து மூன்றே வருடம்.

எஸ்.ஏ., பழனி: பழைய ஏரோடிராம் படங்களில் ஓடுதளம் ‘A’ எழுத்து மாதிரி ஏன் இருக்கிறது?

காற்றுக்குப் பயந்துதான். அந்தக் கால விமானம் எதிர்காற்றில்தான் ஒழுங்காக ஏறும், இறங்கும். பக்கவாட்டுக் காற்று என்றால் தடுமாறும். எந்தப் பக்கம் அடித்தாலும் சமாளிக்க மூன்று ஓடுதளங்களை ஒன்றையொன்று வெட்டும்படி போட்டார்கள். போர்க்கால பிரிட்டனின் கணக்கு: ஒன்று 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம், அகலம் 50 கெஜம். இன்றைக்கும் செயற்கைக்கோள் படத்தில் லிங்கன்ஷயர் வயல்களுக்கு நடுவே அந்த ‘A’ பளிச்சென்று தெரியும். அதன்மேல் இப்போது கோழிப்பண்ணைக் கொட்டகை இருக்கலாம், கோதுமை இருக்கலாம். எழுத்து மட்டும் அழியவில்லை.

எம்.டி., நாகர்கோவில்: மணிப்பூர் போயிருந்தேன். அங்கே வேலிக்கு வட்ட வட்டமாக ஓட்டை போட்ட இரும்புத் தகடு கட்டியிருக்கிறார்கள். அதுவும் விமான சமாசாரம் என்கிறார் நண்பர். ரீல் விடுகிறாரா?

நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நீங்கள் பார்த்தது ஓடுதளத்தின் ஒரு துண்டு! பத்தடி நீளம், 15 அங்குல அகலம், எடை சுமார் 30 கிலோ, ஓட்டைகள் 87. ஓரத்தில் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் துளை. ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே போனால் சேற்றின் மேலும் ஓடுதளம் தயார். ஓட்டைகள் எடையைக் குறைக்கும். அவற்றின் விளிம்பை மடித்திருப்பதால் தகடும் எளிதில் வளையாது. 1944-ல் இம்பாலை ஜப்பானியர் சூழ்ந்தபோது ஊருக்குள் சோறும் தோட்டாவும் வந்தது ஆகாய வழியில்தான். போர் முடிந்ததும் தகடுகள் வேலியாயின, சின்னப் பாலமாயின. மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைப்பார்கள். மணிப்பூரில் அது ஆட்டுக்குட்டி வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது.

ஜி.கே., கோவை: இந்த விஷயத்தில் இந்தியா பெருமைப்பட ஏதாவது உண்டா? எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே!

உண்டு, உரக்கவே சொல்லலாம். அமெரிக்காவின் லிபரேட்டர், நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாம் உருக்காலைக்குப் போயின. பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்தவை அமெரிக்கக் கடன் சரக்கு. ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டும், இல்லையேல் உபயோகப்படாமல் செய்ய வேண்டும். கான்பூரில் ஒரு கூட்டம் லிபரேட்டர்களை அடித்து நொறுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

சுதந்திர இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவை, கஜானாவில் காசு இல்லை. பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போய், ஒன்றின் வாலை இன்னொன்றில் மாட்டி, ஓட்டையை அடைத்து, பறக்கும் அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்கே ஓட்டிக்கொண்டு வந்து முழுசாகப் புதுப்பித்தார்கள். இப்படி 40-க்கும் மேல்! 1948-ல் தொடங்கி 1968 வரை நம் விமானப்படையில் அவை பறந்தன. அதற்குள் உலகத்தில் மற்றவர்களிடம் லிபரேட்டர் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது. மியூசியங்கள் நம் வாசலில் வந்து நின்றன. கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் பீமா, லண்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம் மூன்றிலும் நிற்பவை இந்தியாவிலிருந்து போனவை. அதுவும் பார்சலில் அல்ல, தாங்களே பறந்து! இன்னொன்றை அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் புதுப்பித்து 1989-ல் மறுபடி ஆகாயத்தில் ஏற்றியது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்காத ஒரே காரணத்தால் அமெரிக்கச் சரித்திரத்தை நாம் காப்பாற்றிக் கொடுத்தோம்.

ஒரு சேகரிப்பாளர், புதுக்கோட்டை: பழைய சாமான் கடையில் விமானத்தின் உயரமானி ஒன்று கிடைத்தது. எண்கள் பழுப்பேறியிருக்கின்றன. சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

கையை எடுங்கள்! அந்தப் பழுப்பு ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிர ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்து பூசுவார்கள். ஒளிர்வது துத்தநாக சல்ஃபைடு. அது சில வருடங்களில் களைத்துவிடும். ரேடியம் களைக்காது. அது பாதியாகவே 1,600 வருடம் ஆகும். ஆகவே ‘ஒளியில்லை, ஆபத்தில்லை’ என்ற கணக்கு தப்பு. கண்ணாடி உடையாமல் இருக்கும்வரை அலமாரியில் வைத்து எட்ட நின்று ரசிக்கலாம். திறப்பது, சுரண்டுவது, ஊதித் துடைப்பது கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் உள்ளேயே தங்கிவிடும். படுக்கையறையிலும் வேண்டாம். கடிகார முகப்புக்குப் பெயின்ட் அடிக்கும்போது தூரிகையை நாக்கில் கூராக்கிய அமெரிக்கப் பெண்கள் பலர் இந்த ரேடியத்தாலேயே செத்தார்கள்.

எல்.ஆர்., மதுரை: சேகரிப்பாளர்கள் எதற்கு அதிகம் ஏங்குவார்கள்?

கதையோடு வரும் காகிதத்துக்கு. 1943-லிருந்து 1945 வரை குவான்டாஸ் கம்பெனி இலங்கையின் கொக்கலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் கேட்டலினா கடல் விமானம் ஓட்டியது. நடுவில் எங்கும் நிற்காது, ரேடியோவிலும் பேசாது. கீழே ஜப்பானியர். சுமார் முப்பது மணி நேரம். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம். எரிபொருளே எடையைத் தின்றுவிட்டதால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. இறங்கியவர்களுக்கு ‘இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். விமானங்களைப் போர் முடிந்ததும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள், காகிதம் மிஞ்சியது. அடுத்த இடம் இர்வின் பாரசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்குக் கொடுத்த குட்டித் தங்கப் பட்டுப்புழு பேட்ஜுக்கு. பின்னால் பிழைத்தவரின் பெயர் பொறித்திருக்கும். பெயர் இல்லாத புழுவை யாராவது நீட்டினால் பர்ஸை மூடுங்கள்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை: 1942-ல் கொழும்பில் குண்டு விழுந்தபோது குதிரைப் பந்தயத் திடலில் விமானம் நின்றது என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையோ?

அம்மம்மா சொன்னது அச்சு அசல் உண்மை. பந்தயத் திடலையே ஓடுதளம் ஆக்கியிருந்தார்கள், அது ஜப்பானியருக்குத் தெரியாது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை அவர்கள் இரத்மலானையையும் துறைமுகத்தையும் தாக்கினார்கள். திடலிலிருந்து ஹரிகேன்கள் எழும்பின. இப்போது அங்கே ரக்பியும் கடைகளும்.

சி.பி., கயத்தாறு: வெள்ளைக்காரன் போகும்போது விமானங்களை இங்கேயே புதைத்துவிட்டுப் போனான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தோண்டலாமா?

முதலில் பர்மா கதையைக் கேளுங்கள். ரங்கூனின் மிங்களாடன் விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாக ஸ்பிட்ஃபயர்கள் புதைந்திருப்பதாக டேவிட் கண்டல் என்ற லிங்கன்ஷயர் விவசாயி பல வருடம் சொல்லி அலைந்ததில், 2013-ல் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியின் செலவில் தோண்டவே ஆரம்பித்தார்கள். ஒரு ஸ்க்ரூகூடக் கிடைக்கவில்லை. ஆனால் கிரீன்லாந்தில் 1942-ல் தரையிறங்கிய அமெரிக்க விமானம் ஒன்றை, 80 மீட்டர் பனிக்கு அடியிலிருந்து 1992-ல் துண்டு துண்டாக எடுத்து, பத்து வருடம் பாடுபட்டு, 2002-ல் பறக்கவே வைத்தார்கள். அங்கே விமானம் நின்ற இடத்துக்கு ஆவணம் இருந்தது, பர்மாவில் ஞாபகம்தான் இருந்தது. கடப்பாரைக்கு முன்னால் காகிதத்தைத் தேடுங்கள்.

என்.எச்., சேலம்: ஊரை எரித்த விமானத்தைப் போய் ரசிப்பது உறுத்தவில்லையா?

உறுத்தினால்தான் ரசிகர். லங்காஸ்டர் 7,377 செய்தார்கள், இன்று பறப்பவை இரண்டு: இங்கிலாந்தில் ஒன்று, கனடாவில் ஒன்று. ஏழு பேர் ஏறும் விமானம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மாண்டவர்கள் மட்டும் 55,573. கீழே எரிந்த நகரங்களில் மாண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. லிங்கன்ஷயரில் கோழிப்பண்ணை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள், 1944-ல் குண்டுவீசப் போய்த் திரும்பாத அண்ணனுக்காக ஒரு லங்காஸ்டரை விலைக்கு வாங்கி, ஈஸ்ட் கிர்க்பியின் பழைய தளத்திலேயே நிறுத்தினார்கள். அது பறப்பதில்லை. நாலு மெர்லின் எஞ்சினும் முழங்க, புல்தரையில் உருண்டு வரும். பார்க்க வருகிறவர்கள் விசில் அடிப்பதில்லை.

ஏ.ஆர்., விருதுநகர்: நானும் இதில் இறங்க ஆசை. எவ்வளவு செலவாகும்?

மேல் வரம்பு: 1940-ல் பிரெஞ்சுக் கடற்கரையில் விழுந்து, நாற்பது வருடம் மணலில் கிடந்து, புதுப்பிக்கப்பட்ட ஸ்பிட்ஃபயர் ஒன்று 2015-ல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தை உரிமையாளர் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். கீழ் வரம்பு: ஒரு நோட்டுப் புத்தகமும் பஸ் டிக்கெட்டும். பக்கத்தில் உள்ள பழைய ஓடுதளத்துக்குப் போங்கள். இப்போது அது ராணுவம் வைத்திருக்கும் தளம் என்றால் வேலியோடு நின்றுகொள்ளுங்கள், படமும் எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்களையே உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், ஓடுதளம் போட மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். கூலி எவ்வளவு, யாருடைய நிலம், என்ன விமானம் இறங்கியது என்று கேட்டு எழுதுங்கள். கான்கிரீட் இன்னும் நூறு வருடம் காத்திருக்கும், தொண்ணூறு வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள்.