பிரிச்சாத்தான் தெரியும் சார்

சென்னையில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் அணிவகுப்பு நடந்தால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் மாப்பிள்ளையின் தகப்பனார் தோரணையில் ஒருவர் நிற்பார். "எந்த வருஷத்து வண்டி சார்?" என்று கேளுங்கள். வருஷத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள் பேச்சு ஷெட்டுக்குத் தாவிவிடும். எந்த ஷெட்டில் விட்டார், அங்கே எத்தனை தீபாவளி கிடந்தது, எந்தக் கோலத்தில் திரும்பி வந்தது. இன்ஜினுக்கு ஒரு வரி, ஷெட்காரருக்கு ஒரு புராணம். அடுத்த காரின் சொந்தக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போயும் போயும் அங்கயா விட்டீங்க?" என்பார். அவர் விட்ட இடத்தைச் சொன்னதும் இவர் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்.

என்னிடம் இருப்பது அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் என்று வெளிவந்த கார். 1961 முதல் நம்மூரிலேயே, வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. 948 சி.சி. இன்ஜின். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் மொத்தமும் முன்னால் சாயும். சக்கரம் இரண்டையும் இன்ஜினையும் நின்றபடியே பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் அப்பா வேண்டுமென்றே யு டர்ன் அடித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டு ஃபியட்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுவார்.

இந்தக் காருக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. முழு பாடியையும் ஒரே துண்டாக அடித்துத் தர அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸி போட்டு, பாடியைப் பகுதி பகுதியாக அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பாடியைத் தூக்குவதற்கு முன்பு கதவு வாயில் குறுக்காகக் கம்பி வைத்து வெல்டு பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாய் கோணிவிடும். பிறகு எந்தக் கதவும் தன் ஆயுளில் நேராகச் சாத்தாது.

என் ஷெட்காரர் கம்பி வைக்கவில்லை.

"கதவை லேசாத் தூக்கிச் சாத்துங்க சார், அழகா விழும்" என்றார்.

"அண்ணே, இந்த இடுக்குல என் விரலே போகுது."

"அது ஃபேக்டரி கேப் சார். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காத்தோட்டமாச் செஞ்சிருக்கான்."

முதல் நாள் அவர் எப்படி மதிப்பீடு போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பெருமூச்சு விட்டார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் 'பாடி, பெயிண்ட், இன்ஜின்' என்று எழுதினார். எதிரே ஒரு தொகை. "மத்ததெல்லாம் பிரிச்சாத்தான் தெரியும் சார். பாத்துச் செஞ்சுக்கலாம்." எங்களுக்குள் இருந்த மொத்த ஒப்பந்தமும் அதுதான். பிரித்தார், தெரிந்தது, தொகை இரட்டித்தது.

அடுத்து பட்டி. தகட்டில் ஓட்டை இருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு பிடித்து, மேடு பள்ளம் தெரியாமல் மெல்லிசாகப் பட்டி இழுத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது முறை. ஓட்டையைப் பட்டியாலேயே அடைப்பது வசதி. பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே பளபளப்பு. முதல் மழைக்காலத்தில்தான் வித்தியாசம் கொப்புளமாகக் கிளம்பும். காந்தம் வைத்துப் பார், பட்டி கனமாக இருந்தால் ஒட்டாது என்று அணிவகுப்பு நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த திருப்பதிப் பெருமாள் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பானட்டில் பெருமாள் ஸ்திரமாக நின்றார். கதவிலும் நின்றார். இடது மட்கார்டில் வைத்ததும் மெதுவாக வழுக்கி டிங்கரின் காலடியில் விழுந்தார்.

ஷெட்காரர் பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெருமாளைப் போய் இப்படியெல்லாம் சோதிக்கலாமா சார்?" அதற்குப் பிறகு மட்கார்டைப் பற்றிப் பேசினால் நான் நாத்திகன் என்றாகிவிடும் நிலைமை.

நிறத்திலும் சண்டை வந்தது. ஆனால் அதை நாங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். கார் நீலம் என்றேன் நான். பழுப்பு என்றாள் அக்கா. அம்மா வெண்ணெய் நிறம் என்று சத்தியமே செய்தாள். இருந்த ஒரே புகைப்படம் கறுப்பு வெள்ளை. "குடும்பத்தோட பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று ஷெட்காரர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் டாஷ்போர்டைக் கழற்றி அடியில் சுரண்டிப் பார்த்தால், பச்சை! எங்களில் ஒருவர் நினைவிலும் இல்லாத பச்சை. பல வருஷத்துக்குப் பிறகு குடும்பம் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: ஷெட்காரர்தான் ராத்திரியோடு ராத்திரியாக அடித்திருக்கிறார்.

காலக்கெடுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தை பிறந்ததும் என்றார். பிறகு சித்திரை. ஆடியில் நல்ல காரியம் கூடாது. ஆயுத பூஜையன்று என் கார் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை சகிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. இன்ஜின் மட்டும் பக்கத்தில் தனியாக ஒரு பொட்டோடு இருந்தது.

உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அங்கே எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். ஹெரால்டுக்குக் கேட்டால் அம்பாசடருடையது வரும், ஃபியட்டுடையது வரும், கேட்காமலே மாருதி 800 உடையதும் வரும். "கொஞ்சம் ராவினா உக்காரும் சார்." அப்படி ராவி ராவி உட்கார வைத்ததில், ஹாரன் ஒரு கம்பெனி, கண்ணாடி ஒரு கம்பெனி, வைப்பர் மோட்டார் யாருடையது என்று அதைத் தயாரித்தவருக்கே தெரியாது. "இது இன்னும் ஹெரால்டுதானா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

கேட்ட வேகத்தில் லண்டன் வழக்கு ஒன்றையும் சொன்னேன். 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி, 'ஓல்ட் நம்பர் ஒன்'. 1990இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசினார்கள். வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். ஜெயித்த வண்டி இதுவல்ல, எல்லாம் மாற்றப்பட்டுவிட்டது என்று வாதம். பார்த்தால், 1930இல் ஓடிய வண்டியில் மிஞ்சியவை பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் கம்பம் ஆகியவைதான். ஆனாலும் வண்டி நடுவில் அற்றுப்போகாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்து வந்திருக்கிறது, அந்தப் பெயர் இதற்கே உரியது என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஷெட்காரர் கண் கலங்கக் கேட்டார். "பாத்தீங்களா சார், ஜட்ஜே சொல்லிட்டாரு, உக்காரும்னு!"

நம்மூர் சட்டம் அவ்வளவு தாராளமில்லை. 50 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் போய் வரலாம். என் கார் பழுது பார்க்கப் போவதைத் தவிர வேறெங்கும் போனதில்லை. இந்த விதியை இத்தனை சிரத்தையாகக் கடைப்பிடிக்கும் வாகனம் மாநிலத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்தேன். அவர் சாவியை நிறுத்தி வைத்தார். வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆவது பிரிவைப் பிரித்தார். உழைப்போ திறமையோ செலவிட்டு ஒரு பொருளில் வேலை செய்தவர், கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். சட்டமே உதாரணமும் கொடுக்கிறது: பட்டை தீட்டாத வைரத்தை நகைக்காரரிடம் கொடுக்கிறோம், அவர் தீட்டுகிறார், கூலி கொடுக்கும்வரை வைரம் அவரிடம். "ஆனா, எதுக்காகக் குடுத்தியோ அதன்படி வேலை நடந்திருக்கணும். எதுக்காகக் குடுத்தே? எழுத்துல ஏதாவது இருக்கா?" காலண்டர் தாளை நீட்டினேன். பின்பக்கம் எண்ணெய் பட்டு மங்கிவிட்டிருந்தது. முன்பக்கம் தெளிவாக இருந்தது: அன்று என் ராசிக்குச் சந்திராஷ்டமம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது என்றார். அந்தச் சலுகையைக் காட்டி ஷெட்காரரை மிரட்டினேன். அவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு மோரிஸ் மைனர். சொந்தக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனவர், போன் எடுப்பதில்லை. ஒரு பிளைமவுத். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடியாமல் நிற்கிறது. "வரும்போது ஓடினாப் போதும்பாங்க. பாதி வேலையில பரிசு வாங்கணும்பாங்க. பில்லு போட்டா, போன மாசம் ஓடினாப் போதும்னுதானே சொன்னேன்பாங்க. நான் யார் மேல கேஸ் போடறது சார்?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் விட்டது அப்பாவின் கார். அவர் கைக்கு வந்தது துருப்பிடித்த சுமார் 800 கிலோ இரும்பு. இந்த இரண்டில் எதற்கு என்ன செய்வது, எதில் கை வைக்கக் கூடாது, எவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்திக் கேட்பது என்று இரண்டு பக்கம் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் பிடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதிப் புராணம் மிச்சமாகியிருக்கும். மீதிப் பாதிக்குக் காரணம் பட்டி. அதில் நான் சமாதானமாகப் போவதாக இல்லை. மட்கார்டை அவர் தன் செலவில் வெட்டி மாற்றித் தந்த பிறகே பாக்கியைக் கொடுத்தேன்.

கார் இப்போது வீட்டில் நிற்கிறது, பச்சையாக. ஒரே ஒரு குறை. ஹெரால்டின் பானட்டைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு குரோம் கொக்கிகள் உண்டு. வலது பக்கம் அசல். இடது பக்கத்தில் எவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்தோ கழற்றியதை மாட்டியிருக்கிறார்கள். வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது இடப்பக்கத்துக் கொக்கி கிடந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், விலை பேசிக்கொள்ளலாம். வேறு காருடையது இருக்கிறது, கொஞ்சம் ராவினால் உட்காரும் என்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.