சந்தேகப்பட்டவருக்கும் புனிதர் பட்டம்

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவருக்கே கடவுளைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அவர் விசுவாசி கணக்கில் வருவாரா?

பதில்: புனிதர் கணக்கிலேயே வரலாம்!

அன்னை தெரசா 1997-ல் காலமானார். 2007-ல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வந்தபோது பலரும் திடுக்கிட்டார்கள். ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுள் தன்னோடு இருப்பதாகவே அவர் உணரவில்லையாம். ஜெபித்தால் பதில் இல்லை. உள்ளே வெறும் இருட்டு. ஆனால் விடிந்தால் பூசை, பிறகு காளிகாட் இல்லத்தில் சாகக் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவும் வேலை. அதில் மட்டும் விடுமுறை கிடையாது. குருக்களுக்கு எழுதிய அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். ஆனால் அவை அழியாமல் தப்பின. வேடிக்கை என்னவென்றால், அவற்றைத் தொகுத்து வெளியிட்டவர் எதிராளி அல்ல. தெரசாவுக்குப் புனிதர் பட்டம் வாங்கித்தர முன்னின்று உழைத்த பாதிரியாரேதான்!

இதேபோல் சந்தேகப்பட்ட, இயேசுவின் சீடர் தோமாவின் கதையும் தெரிந்ததே. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றவர். (தொட்டதாக யோவான் தன் நற்செய்தியில் எழுதவில்லை, கவனிக்க.) அவர் பெயரில்தான் சென்னையில் புனித தோமையார் மலை எனப்படும் பரங்கிமலையும் சாந்தோம் பேராலயமும் இருக்கின்றன.

கடிதங்கள் வெளியாகி ஒன்பது ஆண்டு கழித்து, 2016 செப்டம்பர் 4 அன்று, தெரசாவைப் புனிதராக அறிவித்தார் போப் பிரான்சிஸ்.