தெர்மகோல் ஏரி

சுற்றுச்சூழலைப் பள்ளிப் பாடமாக்குமாறு எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், அதையே 2003இல் மீண்டும் வலியுறுத்த நேர்ந்ததிலிருந்தே, இப்பாடத்தில் முதலில் தேற வேண்டியவர்கள் குழந்தைகளல்லர் என்பது விளங்கும். இடையில் 2001இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை, பள்ளிகளில் சூழல் மன்றங்கள் அமைத்து, செய்முறைக் கற்றலை, அதாவது குழந்தை தானே மண்ணைத் தொட்டும் நீரை அளந்தும் அறிவதை, நோக்கமாக அறிவித்தது. நடைமுறையில் தொடப்படுவது பெரும்பாலும் தெர்மகோல். அதுவும் பெற்றோரின் கையால், இரவு பதினொரு மணிக்கு.

பெங்களூரு ஆஸ்டின் டவுன் பக்கத்துக் கழிவுநீர், ராஜகால்வாய் எனப்படும் பெருவடிகால்களின் வழியே கோரமங்கலா பள்ளத்தாக்கில் இறங்கி, பெல்லந்தூர் ஏரியைச் சேர்கிறது. நுரை பொங்குவதற்குப் பேர்போன அந்த ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றியும் எரிந்தது. அத்தகைய ஏரியை நீலச்சாயம் பூசிய தெர்மகோலில், இரண்டு தாமரையும் ஒரு கொக்கும் செருகிப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கும்போது, நுரைக்கு நுரைப்பொருளையே பயன்படுத்திய துல்லியத்தை நடுவர்கள் கவனிப்பதில்லை. கால்வாயையே நேரில் காட்டலாமே என்றால், நாற்றம் பாடத்திட்டத்தில் இல்லை. கண்காட்சி முடிந்ததும் ஏரி தொட்டிக்குப் போகிறது. குப்பையைத் தரம்பிரிப்பது அந்நகரில் 2012 முதல் கட்டாயமாதலால், அது உலர்குப்பை என்று சரியாகச் சொல்லும் குழந்தைக்கு இரண்டு மதிப்பெண் உண்டு.