பூட்டன்தேடி

தன் முன்னோரைப் பதிவேடுகளில் தேடித் திரியும் பூட்டன்தேடி பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அதிபராக ஓய்வு பெற்றவரென்றால் இந்தத் தேடல் நோய் சற்றுக் கடுமை. பெரியநீலாவணையிலும் அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனைப் பக்கங்களிலும் இவரைக் காணலாம். கக்கத்தில் தடித்த ஃபைல், சட்டைப்பையில் இரண்டு பேனை, இவையே அடையாளம். பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் பார்க்கும் கிளையின் வாங்கில் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார். மற்றவர்கள் பாடசாலைக்கும் கடவுச்சீட்டுக்குமாகப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கேட்டு நிற்பார்கள். இவர் கேட்பது பூட்டனுடையதை.

தேடலைத் தன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவார். முறை சரியானதே. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் விபரத்தோடு பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் கூடு உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை. அந்தக் கூட்டில் வெறுங்கோடு இழுத்திருந்தால் அன்று இவருக்குப் பகற்சோறு இறங்காது.

அடுத்தது பழைய ஏடு. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது இலேசு. தெரியாவிட்டால் இரண்டு வருட ஏடுகளைப் புரட்ட ஒரு கட்டணம். ஆகவே வருடத்தையாவது கிட்டத்தட்டச் சொல்ல வேண்டும். அதற்குத் தொண்ணூறைத் தொட்ட பெரியம்மாதான் கதி. “சூறாவளிக்கு முந்தின வெள்ளாமையில பிறந்தவரு மனே” என்பார் அவர். இந்தக் கிழக்குக் கரையில் 1907இலும் சூறாவளி, 1978 நவம்பர் 23இலும் சூறாவளி. எது என்று கேட்டுத் தெளியாதவரின் பூட்டன் பேரனுக்கு இளையவராகிவிடுவார்.

மாவட்டமும் இடறும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உருவானது. அதற்கு முந்திய ஏடுகளில் இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டம். தன் மாவட்டத்தைவிடத் தான் மூத்தவர் என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பெயர் அதைவிடச் சிக்கல். ஒரே ஆள் பிறப்புப் பதிவில் மீராலெவ்வை, கல்யாணப் பதிவில் மீராலெப்பை, மரணப் பதிவில் மீறாலெவ்வே. மூவரையும் உடன்பிறந்தோராக்கி வம்சாவளித் தாளில் வரைந்த பூட்டன்தேடிகளும் உண்டு. தாளைக் கண்ட பெரியம்மா சொல்வார்: “அவரு ஒரு ஆள்தான் வாப்பா. எழுதினவங்கட காதுதான் மூணு.”

முஸ்லிம்களின் கல்யாணப் பதிவுக்கு 1886இலிருந்தே தனிச் சட்டம். பின்னர் 1951இன் 13ஆம் இலக்கச் சட்டம். அந்த ஏட்டில் மகர், கைக்கூலி, பெண்ணின் பொறுப்பாளரான வலீ என எல்லாவற்றுக்கும் இடமிருந்தது, மணமகளின் கையொப்பத்துக்கு இருக்கவில்லை. பூட்டியின் கையெழுத்தைத் தேடிப் போனவர் அவருடைய வாப்பாவின் கையெழுத்தோடு திரும்புவார். பதிவே கிடைக்காவிட்டாலும் பதறத் தேவையில்லை. பதியாத நிக்காஹும் செல்லும் என்பதே சட்டம். பூட்டனின் மானத்துக்கு அதுவே காவல்.

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழுங்குக்கு வந்தது. பூட்டன்தேடியின் ஆசையோ 1626இல் நிற்கும். கண்டி அரசன் செனரத் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாகச் சொல்லப்படும் ஆண்டு அது. அந்த நாலாயிரத்தில் ஒருவர் தன் முன்னோர் என்பதில் இவருக்கு ஐயமில்லை. இடையிலுள்ள 241 ஆண்டுகளைத் தேநீர்க்கடையில் நிரப்புவார்.

இவர் அதிகம் கோட்டைவிடுவது தாய்வழியில். ஏட்டில் பாட்டனார் கூடு வாப்பாவின் வழியே போகிறது. இக்கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் குடி எனும் குலவழி உம்மாவின் வழியே வருகிறது. வீடும் பெண்ணுக்கே சீதனமாகப் போகிறது. உம்மாவின் உம்மா யாரென்று அறியப் பிறப்பு ஏட்டைவிடச் சீதன உறுதி உதவும். அது காணிப் பதிவகத்தில் இருக்கும், அல்லது பெரியம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில்.

2004 டிசம்பர் 26இல் கடல் அந்த அலுமாரிகளையும் கொண்டுபோனது. பிரதி எடுக்கப் பலர் அலுவலகப் படியேறியதற்கு அதுவே காரணம். உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. அந்நாட்களில் பூட்டன்தேடியின் ஃபைலைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை. அயலவரின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்ததும் அதே இரண்டு பேனைகள்தான்.

இவரைப் போல் அலைய விரும்பாதவர்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கையொப்பமிடுமுன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் வாசிக்க வேண்டும். பாட்டனார் கூட்டைக் கோடிழுத்து விடக்கூடாது. பாட்டியின் பெயருக்கு அங்கே கூடில்லை. அதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், பெரியம்மா இருக்கும்போதே.