செவாலியேயின் குதிரை

கேள்வி: 'செவாலியே' என்றால் குதிரைவீரன் என்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் ஊர்ச் சொல்தா தாத்தா சொல்கிறார். நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு எதற்கு ஐயா குதிரை? (வாசகர், பூரணாங்குப்பம்)

பதில்: கட்டபொம்மனாக அவர் குதிரையேறியது 1959இல், பிரெஞ்சு சர்க்கார் 'செவாலியே' விருதென்று சேணம் கொடுத்தது 1995இல்!

அதே வேஷத்துக்குக் கெய்ரோ நகரத்து ஆசிய ஆப்பிரிக்கப் படவிழா 1960இலேயே சிறந்த நடிகர் என்று மகுடம் சூட்டியிருக்க, சிறந்த நடிகருக்கான நம் தேசிய விருது மட்டும் அவர் வீட்டு வாசற்படியைக் கடைசிவரை மிதிக்கவேயில்லை.

கேள்வி: 'நவராத்திரி'யின் ஒன்பது வேஷங்களில் எது உசத்தி?

பதில்: பத்தாவது. ஒன்பது பேரையும் ஒருத்தியாய்ச் சமாளித்த சாவித்திரி!

கேள்வி: 'தில்லானா மோகனாம்பா'ளில் நாதஸ்வரம் வாசித்தது அவரா?

பதில்: சுவாசம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, மூச்சு வாங்கியது அவர்!

கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், சீவாளியை உதட்டிலிருந்து எடுத்தபின் ஒரு கணம் விரல்கள் துளைகளை விட்டு அகல மனமின்றித் தயங்குவதுமாகிய அந்த சூக்ஷ்மங்களையெல்லாம் திரையில் கண்டு பழகிவிட்ட என் போன்ற ரசிகர்களுக்கு, பாகூர் மூலநாதர் சந்நிதியில் மெய்யான வித்துவான் வாசிக்கும்போதுகூட, 'இவர் கொஞ்சம் நடிப்பில் குறைவு' என்றல்லவா தோன்றித் தொலைக்கிறது!