பதின்மூன்றாம் மாதம்

குருவிகுளம் வியாபாரிகளுக்கு ஒரு யோசனை: ஆண்டுக்கு 12 மாதம் என்னும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். செல்போன் நிறுவனங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன. மாதத்துக்கு 28 நாள், ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். ஆரியபட்டருக்கே பிடிபடாத கணக்கு!

2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குறுக்கே வந்து, 30 நாள் திட்டம் ஒன்றாவது வேண்டும் என்றது. நிறுவனங்களும் தட்டாமல் வைத்தன. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளரின் பாக்கியம்.

கடையின் பெயரில் போஸ்ட்பெய்டு எடுத்து, ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து, பில்லைக் கோப்பில் வைத்தால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாமாம். எதற்கு இந்தத் தொல்லை? சொந்த எண்ணிலேயே சரக்கு கேட்டு, சொந்தக் காசிலேயே ரீசார்ஜ் செய்தால் கோப்பும் மிச்சம், ஆடிட்டரும் மிச்சம்.

1995-இல் செல்போனில் பேச நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வந்த அழைப்புக்கும் காசு. அதோடு ஒப்பிட்டால் இப்போது கொள்ளை மலிவு, கொள்ளை என்ற சொல்லை மட்டும் தனியாகப் படிக்கக்கூடாது.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவருக்கு இந்த 28 நாள் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. கடன் பாக்கி, சீட்டுப் பணம் எல்லாவற்றுக்கும் அதையே வைத்தார்.

“அண்ணாச்சி, அப்போ சம்பளமும் 28 நாளைக்கு ஒருக்கா போட்டுருங்க” என்று போன் செய்தான் கடைப்பையன்.

“ஹலோ... ஹலோ... சிக்னல் இல்லடே!”