வெள்ளைக்காரனால் மூட முடியாத சர்வர்

நூறு வருஷத்துக்கு முன்னால் கடையநல்லூர்க்காரர் ஒருவர் அரசாங்கத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓட நினைத்தால் மூன்று திசை இருந்தது. மேற்கே நடந்தால் பொழுது சாய்வதற்குள் செங்கோட்டை. அது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் பக்கம் வந்தது. கிழக்கே கப்பலேறினால் சிங்கப்பூர். அங்கே போன நம்மூர் ஆட்கள் 1941-ல் ‘சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்’ என்று தனிச் சங்கமே தொடங்கும் அளவுக்குப் பெருகியிருந்தார்கள். வடக்கே ரயிலேறினால் புதுச்சேரி.

செங்கோட்டை கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மகாராஜாவுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் உட்கார்ந்திருந்தார். அவர் இருமினால் போதும், வாரண்ட் தயாராகிவிடும். சிங்கப்பூர் கடல் கடந்த தூரம். என்ன பிரயோஜனம்? அங்கேயும் அதே ராஜா, அதே போலீஸ். புதுச்சேரியில்தான் வேறு கொடி பறந்தது. ஓடுகிறவனுக்குத் தூரம் சோறு போடாது, கொடிதான் போடும்.

இந்த ஒரு ஞானத்தை முதலாகப் போட்டு இன்று உலகம் பூராவும் ‘புல்லட் ப்ரூஃப் ஹோஸ்டிங்’ என்றொரு வியாபாரம் நடக்கிறது. எந்த ஊர் போலீஸ் கடிதம் போட்டாலும் குப்பைக் கூடையில் போடுவோம், உங்கள் தளத்தை இறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்து சர்வரை வாடகைக்கு விடுவார்கள். வாடகை கொஞ்சம் கூடுதல். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வங்கிக் கணக்கை வழிப்பவர்கள், வைரஸ் விற்பவர்கள்.

தமிழில் இந்தச் சேவையை ஆரம்பத்திலேயே பயன்படுத்திக்கொண்ட பெரிய வாடிக்கையாளர் சி. சுப்பிரமணிய பாரதி. கோபப்பட வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

1908-ல் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகைமேல் ராஜத்துரோக வழக்கு விழுந்தது. போலீஸ் பிடித்தது பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசனை. ஐந்து வருஷம் போட்டார்கள். எழுதிக் குவித்த பாரதி அதற்குள் புதுச்சேரியில். பின்னாலேயே அச்சு வேலையும் போய்ச் சேர, அக்டோபரில் பத்திரிகை மறுபடியும் வெளிவந்தது. பெயர் அதே, திட்டு அதே, சர்வர் மட்டும் பிரான்ஸ். அரசியல் குற்றத்துக்காக ஆளைப் பிடித்துக் கொடுப்பதில்லை என்பது பிரெஞ்சுக்காரர்களின் கொள்கை. பாரதி கவிதைமேல் அவர்களுக்குப் பிரியம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். இங்கிலீஷ்காரன் வயிறெரிந்தால் சரி என்ற பழைய பங்காளிப் பகையும் அதில் உண்டு. 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர, சர்வர் அறை நிரம்பிவிட்டது.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்? இன்றைய சைபர் போலீஸ் செய்கிற அத்தனையையும் செய்தான்.

முதலில் வழியை அடைத்தான். புதுச்சேரிக்குள் நுழைய முடியாது. ஆனால் பத்திரிகை போகிற தபால் அவன் கையில். பிரிட்டிஷ் எல்லைக்குள் ‘இந்தியா’ நுழையத் தடை. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. சர்வர் நன்றாகத்தான் இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மெக்கோலோ கதையும் இதேதான். ஸ்பேம் கும்பல்களுக்கு இடம் கொடுத்த அந்த நிறுவனத்தை மூடியது நீதிமன்றம் அல்ல. அதற்கு இணைய இணைப்பு கொடுத்த கம்பெனிகள் வயரைப் பிடுங்கின. உலகத்தின் ஸ்பேம் மெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே ராத்திரியில் காணாமல் போனது.

1911 ஜூன் 17-ல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் நெருக்கடி கூடியது. புதுச்சேரியில் ஒற்றர்கள் மொய்த்தார்கள். வெளியூர் ஆட்கள் எல்லாம் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரிடம் நன்னடத்தைக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் பிரெஞ்சு அரசைச் சட்டம் போடவைத்தான். ‘கேஒய்சி’ பிறந்தது இப்படித்தான். புதுச்சேரிக்காரர் சங்கரச் செட்டியார் இவர்களுக்காக அலைந்து ஐந்து கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வைரஸ். ராஜத்துரோகக் காகிதங்களை ஒரு ஜாடியில் அடைத்து வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒற்றர்கள் போட்டார்கள். தண்ணீர் இறைத்தபோது ஜாடியும் மேலே வந்தது. ஐயர் தரப்பினரே அதைப் பிரெஞ்சு போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த விசாரணை அதிகாரி அங்கே கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்ததும் அசந்துபோய் மரியாதையோடு திரும்பினாராம்.

கடைசியாக, காத்திருப்பது. அதுதான் பலித்தது. 1918 நவம்பர் 20-ல் பாரதி தானாகவே எல்லை தாண்டினார், கடலூரில் கைது. டிசம்பர் 14-ல் வெளியே வந்தார். எழுதுவதை போலீஸிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தென்காசிப் பக்கம் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு.

ருமேனியாவின் மிஹாய் பவுனெஸ்கு பாரதி வரலாறு படித்திருந்தால் பிழைத்திருப்பார். கோஸி என்ற வங்கி வைரஸுக்கு சர்வர் கொடுத்த புண்ணியவான். 2012-ல் அமெரிக்கா கேட்டபோது ருமேனியாவிலிருந்து அவரை அள்ள முடியவில்லை. 2021-ல் கொலம்பியா போனார். பொகோட்டா விமான நிலையத்தில் அமுக்கினார்கள். 2023-ல் மூன்று வருஷத் தண்டனை.

எல்லையில் ஒருவர் தவறு செய்தால்? அதற்கும் நம்மிடம் கதை உண்டு. 1910 ஜூலையில் மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஜன்னல் வழியே குதித்து நீந்திக் கரையேறினார் பிரிட்டிஷ் கைதி சாவர்க்கர். பிரெஞ்சுக் காவலர் ஒருவர், விஷயம் தெரியாமல் அவரைப் பிடித்து பிரிட்டிஷார் கையிலேயே கொடுத்துவிட்டார். வழக்கு ஹேக் வரை போனது. ஒப்படைத்தது முறைகேடுதான், ஆனாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1911-ல் தீர்ப்பு வந்தது. பஞ்சாயத்து என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு ரொம்ப வீரமானது. இந்தியக் கணினியைத் தொட்ட குற்றம் என்றால், செய்தவன் எந்த நாட்டில் இருந்தாலும் சட்டம் பாயும். பாயும், விமான டிக்கெட் யார் எடுப்பது? வெளிநாட்டு சர்வருக்குக் கோரிக்கை எழுதி, அமைச்சகம் அமைச்சகமாக அனுப்பிப் பதில் வருவதற்குள் தளம் நான்கு பெயர் மாற்றியிருக்கும். திருட்டுப் படத் தளமான தமிழ்ராக்கர்ஸை மூடிய செய்தி வந்த வாரமே வேறு முகவரியில் புதுப்படம் ஓடியதைத் தமிழ்நாடே பார்த்தது. புதுப் பெயரில் முளைக்கும் நகல்களுக்கு ஒவ்வொன்றாக வழக்குப் போட முடியாது என்று 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றமே அந்த நகல்களுக்கும் நீளும் தடை ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் வழியை அடைப்பதுதான். 1910-ன் தபால் வேலை.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட 2024 டிசம்பரில் ஐ.நா. சைபர் குற்ற ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது. நாடுகள் ஒன்றுக்கொன்று ஆதாரமும் ஆளும் கொடுத்து உதவ வேண்டுமாம். மனித உரிமை அமைப்புகள் முகம் சுளிக்கின்றன. காரணம் புரிகிறது. பாரதியையும் பவுனெஸ்குவையும் காப்பாற்றியது ஒரே எல்லைக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கவிதையும் தெரியாது, கடவுச்சொல் திருட்டும் தெரியாது. 1908-ல் அப்படியொரு ஒப்பந்தம் இருந்திருந்தால் பிரெஞ்சு போலீஸே பாரதியை ரயிலேற்றி அனுப்பியிருக்கும். கணக்கு எழுதிப் பார்த்தால் கோடு நமக்கு வைத்த செலவு கோடிக்கணக்கான ஸ்பேம் மெயில். வரவு குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம். லாபம்தான், கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்.